2008-ல் போன வேலை ஓசூருக்குத் திரும்பியது, பாலக்கோட்டுக்காரருக்கு ஏன் திரும்பவில்லை?

கேள்வி கேட்டவர் தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கத்துக் கல்லூரி மாணவர். 2008 உலக நிதி நெருக்கடியிலிருந்து இந்தியா இரண்டே வருடத்தில் மீண்டுவிட்டது என்று பாடத்தில் படித்திருக்கிறார். அவருடைய அப்பா அந்த வருடக் கடைசியில் ஓசூரில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் வேலை இழந்தவர். அதற்குப் பிறகு கம்பெனி வேலைக்கே போகவில்லை, இன்றைக்கும் பெங்களூரில் சென்ட்ரிங் வேலைதான். "அப்படின்னா மீண்டது யாரு? ஓசூர் மட்டும் எப்படி எழுந்துச்சு, நம்ம பக்கம் ஏன் இன்னும் பெங்களூர் பஸ் ஏறிட்டே இருக்கு?" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, மீண்டது லாரி விற்பனை. அதோடு சேர்ந்து கம்பெனியும் மீண்டது. உங்கள் அப்பா அந்தக் கம்பெனியின் ஆளாக எந்தக் கணக்கிலும் இருந்ததில்லை, அதனால் அது மீண்டபோது அவரைத் தேட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. பதில் இவ்வளவுதான், ஆனால் இது எப்படி நடந்தது என்று சொல்லக் கொஞ்சம் நீளும். நான் அந்தக் காலத்தில் ஓசூர் சிப்காட்டில் ஒரு வெண்டர் கம்பெனியின், அதாவது பெரிய ஆலைக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் கம்பெனியின், டைம் ஆபீசில் இருந்தேன். ஆட்களின் வருகைக் கணக்கு வைக்கும் இடம் அது. அப்புறம் பொருளாதாரம் படித்து அதையே சொல்லிக்கொடுக்கப் போய்விட்டேன்.

2008 செப்டம்பர் 15 அன்று அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி திவால் மனு போட்டது. அதற்கும் ஓசூரில் ஷிப்ட் குறைந்ததற்கும் என்ன சம்பந்தம் என்று வகுப்பில் கேட்டால் "ஏற்றுமதி குறைஞ்சது சார்" என்பார்கள். ஓசூரைப் பொறுத்தவரை அது பாதிகூட இல்லை. இங்கே தயாராகும் லாரியை வாங்குகிறவர் நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ இருக்கிறார். ஆனால் அவர் ரொக்கம் கொடுத்து வாங்குவதில்லை, பைனான்ஸ் போட்டுத்தான் எடுப்பார். பைனான்ஸ் கம்பெனிகளோ குறுகிய காலத்துக்கு மியூச்சுவல் ஃபண்டிலும் வங்கியிலும் பணம் வாங்கி, அதை வருடக்கணக்கான தவணைக்கு விடுகிறவை. வெளிநாட்டு முதலீட்டாளர்கள் பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பியதும் அந்தக் குறுகிய காலப் பணம் சில வாரங்களிலேயே வற்றிவிட்டது. வட்டியும் ஏற்கெனவே உச்சத்தில் இருந்தது, வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதம் அப்போது 9 சதவீதம். லோடு வாடகையும் இறங்கியது. புது வண்டி எடுக்க நினைத்தவர் நிறுத்திவிட்டார், ஏற்கெனவே எடுத்தவர் டியூ கட்ட முடியாமல் வண்டியைப் பறிகொடுத்தார், பறித்த வண்டிகள் யார்டில் மலிவாக நின்றதால் புது வண்டிக்கு இருந்த கொஞ்சநஞ்ச கிராக்கியும் போனது. 2008-09 நிதியாண்டில் நடுத்தர, கனரக வாகன விற்பனை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. அது முழு வருடக் கணக்கு. அக்டோபருக்குப் பிந்தைய சில மாதங்களைத் தனியாக எடுத்துப் பார்த்தால் பாதிக்கும் மேல். அசோக் லேலண்ட் அந்த வருடக் கடைசியில் வாரத்துக்கு மூன்று நாள் வேலை என்று அறிவித்ததை அப்போது ஓசூரில் இருந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

லாரி செய்கிற பெரிய கம்பெனி மூன்று நாள் ஓடினால் அதற்கு உதிரிபாகம் கொடுக்கும் சின்னக் கம்பெனியும் மூன்று நாள் ஓடும் என்று நினைக்காதீர்கள். பெரிய கம்பெனி முதலில் தன் கிடங்கில் இருக்கும் ஸ்டாக்கைத் தீர்க்கும். அது தீரும்வரை வெண்டருக்கு ஷெட்யூலே, அதாவது இத்தனை பீஸ் வேண்டும் என்ற ஆர்டரே, வராது. வெண்டருக்குக் கீழே ஜாப் ஒர்க் எடுத்து ஷெட்டில் நாலு லேத் வைத்து ஓட்டுகிறவருக்கு அதுவும் இல்லை. மேலே விற்பனை கால் பங்கு குறைந்தால் அடித்தட்டில் மெஷின் சுத்தமாக நிற்கும். திரும்ப ஏறும்போதும் இதே கணக்குதான், கீழே எல்லாம் ஒரேயடியாக வேண்டும், ராத்திரி பகல் ஓவர்டைம் என்று ஓடும். ஓசூர் வேகமாக விழுந்து வேகமாக எழுந்ததாகத் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இப்போது டைம் ஆபீஸ் சமாச்சாரம். நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு மஸ்டர் (வருகைப் பதிவேடு), காண்டிராக்ட் ஆளுக்கு வேறு மஸ்டர். அன்றைய தொழில் தகராறு சட்டப்படி, ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்த நிரந்தரத் தொழிலாளியை லே-ஆஃப் செய்தால், அதாவது வேலை இல்லை என்று தற்காலிகமாக நிறுத்திவைத்தால், அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டிலும் பாதி கொடுக்க வேண்டும். 100 பேரோ அதற்கு மேலோ இருக்கும் ஆலை என்றால் ஆட்குறைப்புக்கு அரசாங்க அனுமதியும் வேண்டும். யூனியன் இருக்கும், பேச்சுவார்த்தை நடக்கும், லீவைக் கழித்துக்கொள்ளலாமா, சனிக்கிழமைகளைப் பின்னால் ஈடுகட்டலாமா என்று ஆளாளுக்குக் கணக்குப் போடுவார்கள். காண்டிராக்ட் ஆளுக்கு இதெல்லாம் கிடையாது. சாயங்காலம் லைன் சூப்பர்வைசர் காண்டிராக்டருக்கு ஒரு போன் போடுவார், "நாளைக்குப் பாதிப் பேர் போதும்பா" என்று. மறுநாள் காலையில் கேட்டில் டோக்கன் கொடுக்கும்போது பாதிப் பேருடைய பெயரைக் கூப்பிட மாட்டார்கள். கடிதம் கிடையாது, காரணம் கிடையாது, யாரும் யாரையும் நீக்கியதாக எழுத்தில் எதுவும் இருக்காது. அவர்கள் கொஞ்ச நேரம் டீக்கடையில் நின்றுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போவார்கள். மாதக் கடைசியில் என் ரிஜிஸ்தரில் "வேலை நீக்கம்" என்ற கட்டத்தில் பூஜ்யம்தான் இருக்கும், அது பொய்க் கணக்கும் இல்லை.

மத்திய அரசின் தொழிலாளர் பணியகம் அப்போது அவசரமாக ஒரு கணக்கெடுப்பு நடத்தி, 2008 அக்டோபர் முதல் டிசம்பர் வரை சில முக்கியத் துறைகளில் மட்டும் சுமார் 5 லட்சம் வேலைகள் போய்விட்டன என்று சொன்னது. கம்பெனிகளிடம் கேட்டு எடுத்த கணக்கு அது. டீக்கடையில் நின்றவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

சரி, ஓசூர் எப்படி எழுந்தது? அரசாங்கம் கொடுத்த மருந்து நேராக ஓசூருக்கு எழுதிய சீட்டு போலவே இருந்தது. 2008 டிசம்பரில் உற்பத்தி வரி 4 சதவீதப் புள்ளி குறைந்தது, பிப்ரவரியில் மேலும் 2. 2009 ஜனவரியில் வந்த இரண்டாவது சலுகைத் தொகுப்பில், மார்ச் கடைசிக்குள் லாரி, பஸ் வாங்கினால் வண்டி விலையில் 50 சதவீதத்தை முதல் வருடமே தேய்மானமாகக் காட்டி, வரி போடும் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். நகரப் புத்தாக்கத் திட்டத்தின் கீழ் மாநிலங்கள் பஸ் வாங்க மத்திய அரசு பணம் கொடுத்தது. ஏப்ரலுக்குள் ரெப்போ 4.75 சதவீதத்துக்கு வந்துவிட்டது. கடன் நின்றதால் நின்ற தொழில், கடன் வந்ததும் ஓட ஆரம்பித்தது. 2010-11-ல் கனரக வாகன விற்பனை பழைய உச்சத்தைத் தாண்டியே போனது.

ஆனால் விற்பனை திரும்பினால் வேலையும் அதே ஊருக்குத் திரும்பும் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. உத்தரகண்டிலும் இமாச்சலத்திலும் ஆலை வைத்து 2010 மார்ச்சுக்குள் உற்பத்தி தொடங்கினால் பத்து வருடத்துக்கு உற்பத்தி வரி இல்லை என்று ஒரு சலுகை இருந்தது. அசோக் லேலண்டின் பந்த்நகர் ஆலை அந்தக் கெடுவுக்குள் தொடங்கியது. டி.வி.எஸ். அதற்கு முன்பே இமாச்சலத்தின் நாலாகரில் ஆலை போட்டிருந்தது. அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை, வரிச் சலுகை கிடைக்கும் இடத்துக்குக் கம்பெனி போகத்தான் செய்யும். விஷயம் என்னவென்றால், நெருக்கடிக்குப் பிறகு வளர்ச்சி வந்தபோது அந்த வளர்ச்சியில் ஒரு பங்கு இமயமலை அடிவாரத்தில் இறங்கியது. ஓசூர் பழைய அளவுக்கு ஓடியது, அதற்கு மேல் வந்திருக்க வேண்டியது பிரிந்து போனது. நாட்டுக் கணக்கில் இது தெரியவே தெரியாது.

எல்லாத் தொழிலும் ஓசூர் லாரி மாதிரி எழுந்திருக்கவும் இல்லை. கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் கிரானைட் பாலிஷ் போடும் யூனிட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சரக்கு போய்ச் சேரும் இடம் வெளிநாட்டுச் சமையலறை மேடை, கல்லறைக் கல், கட்டிடத் தரை. அமெரிக்காவில் 2005-ல் சுமார் 20 லட்சம் வீடுகள் கட்டத் தொடங்கினார்கள். 2009-ல் அது சுமார் 5.5 லட்சம். திரும்ப 10 லட்சத்தைத் தொட்டது 2014-ல்தான். வீடு கட்டாதவருக்கு மேடைக்கல் எதற்கு? ரூபாய் மதிப்பு 40-லிருந்து 50-க்கு விழுந்ததால் ஏற்றுமதிக்காரருக்கு லாபம் என்று பேப்பரில் எழுதினார்கள், வாங்க ஆள் இருந்தால்தானே லாபம். அதோடு அந்த மாதங்களில் வெளிநாட்டு வங்கிகள் ஒன்றையொன்று நம்பாததால் வாங்குகிறவர் சார்பில் பணத்துக்கு வங்கி தரும் கடன் உறுதிக் கடிதம் கிடைப்பதே பாடாகிவிட்டது, சரக்கை ஏற்றிவிட்டால் பணம் வருமா என்ற பயம் வேறு. 2009-ல் உலக வர்த்தகத்தின் அளவே சுமார் 12 சதவீதம் சுருங்கியது. ஓசூருக்கு உதவிய தேய்மானச் சலுகை, பஸ் பணம் எதுவும் கிரானைட்டுக்கு உதவாது. ஒரே மாவட்டம்தான், ஒரே தேசிய நெடுஞ்சாலைதான், ஆனால் ஒரு முனையில் இரண்டு வருடத்தில் வேலை திரும்பியது, இன்னொரு முனையில் அமெரிக்காக்காரன் வீடு கட்டும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அமெரிக்காவிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. இண்டியானா மாநிலத்தில் எல்க்கார்ட் என்று ஒரு ஊர். வீடு மாதிரி வசதியுள்ள சுற்றுலா வண்டிகள் செய்வதுதான் அங்கே தொழில், அதையும் ஜனங்கள் கடனில்தான் வாங்குவார்கள். 2009-ல் அங்கே வேலையின்மை கிட்டத்தட்ட 20 சதவீதத்தைத் தொட்டது, ஒபாமா பதவியேற்ற அடுத்த மாதமே அங்கே போய்ப் பேசினார். கடன் ஓட ஆரம்பித்ததும் சில வருடங்களில் அந்த ஊர் நாட்டின் சராசரியைவிட நன்றாகவே ஆகிவிட்டது. வீட்டு விலை ஏற்றத்தை நம்பி வளர்ந்த நெவாடா, புளோரிடா பக்கமெல்லாம் அப்படி எழவில்லை. ஆக, ஒரு ஊர் எவ்வளவு ஆழமாக விழுந்தது என்பதை வைத்து எப்போது எழும் என்று சொல்ல முடியாது. அந்த ஊர் என்ன விற்கிறது, அதை வாங்குகிறவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள், பாதி விடை அங்கேயே இருக்கும்.

மீதிப் பாதி ஆட்களைப் பற்றியது. ஒலிவியே பிளாஞ்சார், லாரன்ஸ் காட்ஸ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1992-ல் ஓர் ஆய்வு எழுதினார்கள், பிராந்தியத் தொழிலாளர் சந்தை பற்றிப் படிக்கிற யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது. அமெரிக்க மாநிலம் ஒன்றில் வேலை சரிந்தால் வேலையின்மை விகிதம் சுமார் ஐந்து முதல் ஏழு வருடத்தில் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது என்று கண்டார்கள். ஆனால் வந்த விதம்தான் முக்கியம். புது வேலை வந்து விகிதம் இறங்கவில்லை, ஆட்கள் வேறு மாநிலத்துக்குக் கிளம்பிப் போனதால் இறங்கியது. இழந்த வேலை இழந்ததுதான், அந்த மாநிலம் பழைய பாதைக்குத் திரும்பவே இல்லை. 2008 நெருக்கடியை வைத்து டேனி யேகன் செய்த ஆய்வு, 2019-ல் வந்தது, இன்னும் கசப்பானது. கடுமையாக அடிபட்ட பகுதிகளில் 2007-ல் இருந்தவர்கள், 2015-லும் மற்றப் பகுதிக்காரர்களைவிட வேலையில் இருப்பது குறைவாகவே இருந்தது. அதற்குள் வேலையின்மை விகிதம் எல்லா இடத்திலும் சமமாகிவிட்டது, பலர் வேலை தேடுவதையே விட்டுவிட்டார்கள், தேடாதவரை வேலையில்லாதவர் என்று கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.

நம்ம பக்கம் இந்த விகிதம் ஏறவே ஏறாது, இறங்குவதைப் பற்றிப் பேச்சே இல்லை. வேலை தேடிக்கொண்டு சும்மா இருக்க வீட்டில் சோறு வேண்டும். பென்னாகரத்துக்காரரோ அரூர்க்காரரோ ஓசூரில் வேலை போனால் அடுத்த வாரமே ஏதோ ஒன்று செய்துகொண்டிருப்பார்: மானாவாரி நிலத்தில் ராகி, சாமை, நிலக்கடலை, சீசனில் புளி உலுக்கல், கொஞ்சம் ஆடு. கணக்கெடுக்க வந்தால் "விவசாயம்" என்று எழுதுவார்கள். வேலை போனது இங்கே வேலையின்மையாகத் தெரியாது. தொழில் மாறியதாகத் தெரியும், இல்லையென்றால் ஆள் ஊரில் இல்லாததாகத் தெரியும்.

இந்த இடத்தில் பலர் கவனிக்காத ஒன்று. லேமன் விழுந்த அதே 2008 செப்டம்பர் 15-ல்தான் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் கிலோ அரிசி 1 ரூபாய்க்கு வந்தது. அண்ணா பிறந்தநாளுக்காக வைத்த தேதி, நெருக்கடியை நினைத்து யாரும் திட்டமிட்டதில்லை. நூறு நாள் வேலைத் திட்டமும் தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் அந்த வருடம் ஏப்ரல் 1 முதல்தான் வந்தது, மூன்றாம் கட்டத்தில். அதாவது நெருக்கடி வருவதற்கு ஐந்தாறு மாதம் முன்னால் வீட்டில் பெண்களுக்கு ஒரு கூலி, நெருக்கடி தொடங்கிய நாளில் மலிவு அரிசி. அப்புறம் மகளிர் சுயஉதவிக் குழு. தமிழ்நாட்டில் அது தொடங்கியதே 1989-ல் பழைய தருமபுரி மாவட்டத்தில், சர்வதேச வேளாண் மேம்பாட்டு நிதியத்தின் உதவியோடு. இருபது வருடம் பழகிய குழுக்கள் அப்போது இருந்தன, கந்துவட்டிக்குப் போகாமல் இரண்டு மூன்று மாதம் தள்ள அது கைகொடுத்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தாங்கல் நகை என்பேன். அமெரிக்காவில் ஒரு குடும்பத்தின் சொத்து என்றால் வீடு. வேலை போன அதே நேரத்தில் வீட்டு விலையும் தேசிய அளவில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது, கடன் மட்டும் அப்படியே நின்றது. அதிஃப் மியான், அமீர் சூஃபி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் காட்டியது இதைத்தான்: வீட்டு விலை அதிகம் விழுந்த மாவட்டங்களில் ஜனங்கள் செலவைச் சுருக்கினார்கள், அதனால் நெருக்கடியோடு சம்பந்தமே இல்லாத ஓட்டல்காரர், கடைக்காரர் வேலையும் போனது. நம்ம குடும்பத்தின் சொத்து பீரோவில் இருக்கும் நாலு சவரன். அதன் விலை 2008 கடைசிக்கும் 2011-க்கும் நடுவில் இரு மடங்குக்கு மேல் ஏறியது. சம்பளம் நின்ற நேரத்தில் அடகு வைத்தால் கிடைக்கும் பணம் கூடியது! கிருஷ்ணகிரி டவுனில் கடைத்தெரு படுத்துவிடாமல் இருந்ததற்கு இதில் ஒரு பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம். மூழ்கிப்போன நகையும் நிறைய, அதையும் சொல்லத்தான் வேண்டும், வட்டி ஏறிக்கொண்டே போனால் விலை ஏற்றம் அடகுக் கடைக்காரருக்குத்தான்.

இதெல்லாம் சேர்ந்து பட்டினியைத் தடுத்தது. உங்கள் அப்பாவை ஓசூர் கேட்டுக்குத் திரும்பக் கொண்டுபோக இதில் எதனாலும் முடியவில்லை. அதற்கு மூன்று தடை இருந்தது.

வயசுதான் முதலில். 2009 நடுவில் ஆர்டர் வந்து திரும்ப ஆள் எடுக்க ஆரம்பித்தபோது கம்பெனிகள் பழைய காண்டிராக்ட் லிஸ்டை எடுத்துப் பார்க்கவில்லை. ஐ.டி.ஐ. முடித்த பத்தொன்பது இருபது வயசுப் பையன்கள் டிரெய்னியாகக் கிடைத்தார்கள். முப்பது தாண்டியவர், குடும்பம் இருக்கிறவர், ஓவர்டைமுக்கு முகம் சுளிப்பார், யூனியன் பக்கம் போவார் என்ற நினைப்பு. வாய்விட்டு யாரும் சொல்ல மாட்டார்கள், இன்டர்வியூ லைனைப் பார்த்தாலே தெரியும். 2013-ல் வந்த நீம் (NEEM) என்ற பயிற்சித் திட்டம் இதற்குச் சட்டப்பூர்வமான வழியே போட்டுக்கொடுத்தது. பயிற்சியாளர் என்று பெயர், பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) கிடையாது, பார்த்தது லைனில் முழு வேலை.

அடுத்தது பெங்களூர். 2009-ல் அங்கேயும் கட்டிட வேலை படுத்திருந்தது, ஆனால் அடுத்த வருடமே எழுந்துவிட்டது. சென்ட்ரிங், கம்பி கட்டுவது, டைல்ஸ் என்று மேஸ்திரி ஊரிலேயே வந்து கூட்டிப்போவார், சனிக்கிழமை கையில் காசு, திருவிழாவுக்கும் நடவுக்கும் ஊருக்கு வந்து போகலாம். ஓசூர் காண்டிராக்ட் சம்பளத்தில் பிடித்தம், ரூம் வாடகை, மெஸ் எல்லாம் போனால் கையில் நிற்பது அதைவிடக் குறைவு. கணக்குப் போட்டுத்தான் உங்கள் அப்பா பெங்களூர் பஸ் ஏறியிருப்பார். கம்பெனிக்காரர்கள் "லோக்கல் ஆளுங்க வேலைக்கு வர மாட்டேங்கறாங்க" என்று சொல்லும்போது இந்தக் கணக்கைச் சொல்ல மாட்டார்கள். சாரத்திலிருந்து விழுந்தால் கேட்க நாதியில்லாத வேலை அது என்பது வேறு விஷயம்.

மூன்றாவது தூரம். மேப்பில் பார்த்தால் பாலக்கோட்டிலிருந்து ராயக்கோட்டை வழியாக ஓசூர் பக்கம்தான். ஷிப்ட் நேரத்துக்கு பஸ் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. என் அனுபவத்தில் ஓசூரின் தொழிலாளர் சந்தைக்கு எல்லை மாவட்டக் கோடு இல்லை, கம்பெனி பஸ் எதுவரை வந்து திரும்புகிறதோ அதுவரைதான். அந்த ரூட்டில் இருக்கும் ஊர்க்காரர் வீட்டில் தூங்கிவிட்டு வேலைக்குப் போகலாம், அதைத் தாண்டி நாலு கிலோமீட்டர் உள்ளே இருந்தால் அவர் புலம்பெயர்ந்த தொழிலாளி. நெருக்கடியில் கம்பெனிகள் முதலில் குறைத்த செலவுகளில் இந்த பஸ் ரூட்டும் ஒன்று. ஆட்களைத் திரும்ப எடுத்தபோதும் சில ரூட்டுகள் திரும்ப வரவில்லை, ஓசூர் ஹாஸ்டலிலேயே தங்கும் வெளிமாநிலப் பையன்கள் கிடைக்கும்போது எதற்கு டீசல் செலவு? 2004-ல் மாவட்டத்தைப் பிரித்ததில் ஆலைகள் பெரும்பாலும் கிருஷ்ணகிரி பக்கம் போய், தருமபுரிக்கு நிலமும் ஆட்களும் மிஞ்சியதாகப் பலர் குறைப்படுவார்கள். பிரிக்காமல் இருந்திருந்தாலும் பஸ் பாலக்கோட்டுக்கு வந்திருக்காது.

ஜெர்மனியில் இதே நெருக்கடியை எப்படிக் கையாண்டார்கள் என்று பார்த்தால் வித்தியாசம் புரியும். அங்கே உற்பத்தி நம்மைவிட மோசமாக விழுந்தது. ஆனால் குறுகிய நேர வேலைத் திட்டம் என்று ஒன்று பழைய காலத்திலிருந்தே இருக்கிறது: கம்பெனி ஆளை நீக்காமல் நேரத்தைக் குறைக்கலாம், இழந்த நிகரச் சம்பளத்தில் 60 சதவீதத்தை, குழந்தை இருந்தால் 67 சதவீதத்தை, அரசின் வேலைக் காப்பீட்டு நிதி தரும். 2009 மே மாதத்தில் சுமார் 15 லட்சம் பேர் அதில் இருந்தார்கள். ஆர்டர் திரும்பியதும் அதே ஆள் அதே மெஷினில் நின்றார். ஓசூரில் வாரம் மூன்று நாள் என்று வைத்ததும் கிட்டத்தட்ட இதே யோசனைதான், ஆனால் நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டும், கம்பெனியின் சொந்தச் செலவில். காண்டிராக்ட் ஆளுக்கு அந்த மூன்று நாளும் இல்லை. ஜெர்மனியிலும் ஏஜென்சி மூலம் வந்த தற்காலிகத் தொழிலாளிகள் நிறையப் பேர் வெளியே போனார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. இ.எஸ்.ஐ.-யில் வேலை இழந்தவருக்கு உதவித்தொகை தரும் ராஜீவ் காந்தி திட்டம் 2005 முதல் நம்மிடமும் இருந்தது, ஆனால் அதற்குப் பல வருடம் தொடர்ந்து சந்தா போயிருக்க வேண்டும். காண்டிராக்டர் மாறும்போதெல்லாம் பழைய இ.எஸ்.ஐ. எண்ணைக் கேட்காமல் புது எண் போட்டுவிடுவது அப்போது சகஜம். ஒரே கேட்டுக்குள் ஆறு வருடம் வேலை பார்த்தவர் காகிதத்தில் ஆறு தடவை புதுசாகச் சேர்ந்தவராக இருப்பார், அவருக்கு எந்தத் திட்டத்தின் கதவும் திறக்காது.

இதைப் பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2018 செப்டம்பரில் ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். என்ற பெரிய நிதி நிறுவனம் கடனைத் திருப்பிக் கட்டத் தவறியது, திரும்பவும் பைனான்ஸ் கம்பெனிகளுக்குக் குறுகிய காலப் பணம் வற்றியது. அதே வருடம் ஜூலையில் லாரியில் ஏற்றும் எடைக்கான உச்சவரம்பை உயர்த்தியிருந்தார்கள், பழைய வண்டியிலேயே அதிகம் ஏற்றலாம் என்றபோது புது வண்டி யாருக்கு வேண்டும்? 2019 செப்டம்பரில் ஓசூர் ஆலைகளில் உற்பத்தி இல்லாத நாட்கள் அறிவிக்கப்பட்டன. 2019-20-ல் கனரக வாகன விற்பனை 40 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது, 2008-ஐவிட மோசம். அதன் தலைமேல் கொரோனா. பத்து வருடம் கழித்து அதே ஊரில், அதே கேட்டில், அதே டோக்கன்.

இப்போது நிலைமை வேறு என்பார்கள். ஓரளவு உண்மைதான். போச்சம்பள்ளியில் ஓலா மின் ஸ்கூட்டர், குருபரப்பள்ளியில் டெல்டா எலக்ட்ரானிக்ஸ், ஓசூரை ஒட்டி டாடா எலக்ட்ரானிக்ஸ் என்று கிருஷ்ணகிரி மாவட்டம் லாரியை மட்டும் நம்பிய காலம் போய்விட்டது, ஆயிரக்கணக்கில் பெண்கள் ஆலை வேலைக்கு வந்திருப்பது இந்தப் பக்கத்துக்குப் பெரிய மாற்றம். ஒரு தொழில் விழுந்தால் இன்னொன்று தாங்கும். ஆனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டுப் பாருங்கள். அமெரிக்க நகரங்களை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் என்ரிக்கோ மோரெட்டி, ஆலையில் ஒரு வேலை வந்தால் அந்த ஊரில் கடை, ஓட்டல், சலூன் என்று மேலும் 1.6 வேலை உண்டாகிறது என்று கணக்கிட்டார். சம்பளம் அதே ஊரில் செலவானால்தான் அது நடக்கும். ஹாஸ்டலில் தங்கி, ஜார்க்கண்டுக்கும் ஒடிசாவுக்கும் பணம் அனுப்புகிற தொழிலாளியின் சம்பளத்தில் ஓசூருக்குக் கிடைப்பது ரூம் வாடகையும் ஷேர் ஆட்டோவும்தான். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை, உங்கள் அப்பா பெங்களூரில் செய்வதைத்தானே அவர்கள் இங்கே செய்கிறார்கள். ஆனால் பாலக்கோட்டு மளிகைக் கடைக்கு ஓசூரின் வளர்ச்சி வந்து சேராததற்குக் காரணம் இங்கே இருக்கிறது.

உங்கள் பாடத்துக்காகச் சொல்கிறேன், ஒரு மாவட்டம் மீண்டதா என்று பார்க்க வேலையின்மை விகிதத்தை முதலில் எடுக்காதீர்கள். நெருக்கடிக்கு முன்னால் அங்கே வேலையில் இருந்த அதே ஆட்கள் இப்போது எங்கே, என்ன வேலையில், என்ன கூலியில் இருக்கிறார்கள் என்று தேடுங்கள். நிரந்தரம் எத்தனை, காண்டிராக்ட் எத்தனை என்ற விகிதம் முன்னைவிட எப்படி மாறியிருக்கிறது என்று பாருங்கள். ஊரில் இருபதிலிருந்து நாற்பது வயசுக்குள் இருக்கும் ஆண்கள் சாதாரண நாளில் எத்தனை பேர், பொங்கல் அன்று எத்தனை பேர் என்று நாலு கிராமத்தில் கேட்டாலே உங்களுக்கு ஒரு புராஜெக்ட் கிடைத்துவிடும், அதை எந்தத் தேசியக் கணக்கெடுப்பும் தராது.

கடைசியாக, பாடத்துக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. அப்பாவிடம் பழைய சம்பளச் சீட்டோ பி.எஃப். நம்பரோ இருக்கிறதா என்று கேளுங்கள். வேலை மாறினாலும் மாறாத யு.ஏ.என். என்ற ஒரே பி.எஃப். எண் முறை 2014-ல்தான் வந்தது. அதற்கு முன் வேலை போன காண்டிராக்ட் ஆட்கள் நிறையப் பேர் அந்தப் பணத்தை எடுக்கவே இல்லை, காண்டிராக்டர் கையெழுத்து வேண்டுமே என்று விட்டுவிட்டார்கள். கணக்கில் இருந்தால் அது இன்னும் அவர் பணம்தான். காண்டிராக்டர் இப்போது இல்லையென்றால் வங்கி மேலாளர், அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி போன்றவர்களின் சான்றோடு பி.எஃப். அலுவலகத்தில் நேராக மனு கொடுக்கலாம். கம்பெனிப் பெயரும் சேர்ந்த வருடமும் தெரிந்தால் அதை வைத்து நம்பரைத் தேடச் சொல்லிக் கேளுங்கள், பெயரில் ஸ்பெல்லிங் ஆதாரோடு பெரும்பாலும் ஒத்துப்போகாது, அப்படியிருந்தால் அதைத் திருத்தும் மனுவையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.